போய்த் திரும்பும் நாடா

சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே முதுமையையும் எட்டியிருப்பவன் நான். எங்கள் பேட்டையை அடையாளம் காட்ட மீன் சந்தை உண்டு; மே தினப் பூங்கா உண்டு; வளைந்தோடும் கூவம் உண்டு. ஆனால், பறக்கும் இரயில் நிலையம் ஒன்று எங்களுக்கு இருப்பதை நாங்களே பெரிதாக எண்ணியதில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் வண்டி அங்கே சிறிது நேரம் நிற்கும், சிலர் ஏறுவர், சிலர் இறங்குவர், வண்டி போய்விடும். உயர்ந்த கூடமும் நீண்ட படிக்கட்டுகளும் மறுபடியும் வெறிச்சோடிக் கிடக்கும்.

2023 ஆகஸ்டு 27ஆம் நாள் அந்த நிலையத்துக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது இருப்புப்பாதை அமைக்கும் பணிக்காக, கடற்கரையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரையிலான பறக்கும் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வேளச்சேரியிலிருந்து வரும் வண்டிகள் எங்கள் நிலையத்தோடு நின்று, அங்கிருந்தே திரும்பிச் செல்லலாயின. ஏழு மாதங்களில் முடியும் என்று சொல்லப்பட்ட பணி பதினான்கு மாதங்கள் நீண்டது. 2024 அக்டோபர் 29 அன்றுதான் வண்டிகள் மறுபடியும் கடற்கரை வரை ஓடின. இடைப்பட்ட அந்தப் பதினான்கு மாதங்கள் எனக்குக் கற்பித்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த முதல் வாரத்தில் நடைமேடையில் ஓர் இளைஞர் தம் நண்பரிடம், "இனிமே இது ஷட்டில் சர்வீஸ்தான்பா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அச்சகம் ஒன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் பிழை திருத்துநராக இருந்தவன் நான்; சொற்களைக் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட முடிவதில்லை. ஷட்டில் என்ற சொல்லை நாம் இரயிலுக்கு வழங்குகிறோம், இறகுப்பந்துக்கும் வழங்குகிறோம். அதன் முதற்பொருளோ தறியில் இருக்கிறது. நீளவாட்டில் கட்டிய பாவு நூல்களின் நடுவே ஊடை நூலைச் சுமந்துகொண்டு, இடமும் வலமுமாக ஓயாமல் ஓடுகிறதே, அந்த நாடாவுக்குத்தான் ஆங்கிலத்தில் அப்பெயர்.

எங்கள் பேட்டையின் பெயரும் தறியிலிருந்தே பிறந்தது. 1734இல் சென்னையின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட், கூவத்தின் வளைவுக்குள் இருந்த சுங்குராம செட்டியாரின் தோட்டத்தை எடுத்து, கம்பெனியின் துணி வணிகத்துக்காக நெசவாளரையும் நூல் நூற்போரையும் அங்கே குடியேற்றினார். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். அதற்கு முந்தைய ஆண்டான 1733இல்தான் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர், கையால் எறியாமல் கயிற்றை இழுத்த மாத்திரத்தில் பாய்ந்தோடும் 'பறக்கும் நாடா'வுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று எங்கள் தெருக்களில் தறியோசை இல்லை. ஆயினும், தறிகளின் பேட்டைக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் ஒரு நாடா வந்து சேர்ந்தது; அதுவும் பறக்கும் நாடா!

பறக்கும் இரயில் முதன்முதலில் 1995 நவம்பர் முதல் நாள் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே ஓடியது. நாட்டிலேயே முதன்முறையாக உயரத் தூண்களின் மேல் அமைந்த நகர இரயில் என்று அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும், மந்தைவெளியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவையும் அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் அதில் ஏறினேன். பூங்கா நகரைத் தாண்டி வண்டி மேலேறியதும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிந்தாதிரிப்பேட்டை வந்ததும், "அதோ, நம்ம வீட்டு மாடி தெரியுது" என்று சிறுமியைப் போல் கூவினாள். அக்காவும் எட்டிப் பார்த்தாள். மூவருமாகப் பார்த்த அந்த மாடியே பின்னாளில் எங்களைப் பிரித்தது.

அம்மா மறைந்தபின் வீடு என் கையில் இருந்தது. 2016இல் அத்தான் நோயுற்றுப் படுத்தார். மருத்துவச் செலவுக்கு வழியின்றி, அம்மா வீட்டில் தனக்குரிய பங்கை அக்கா கேட்டாள். கேட்டது நியாயம். நான் அதைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதோடு நில்லாமல், "கல்யாணத்துக்கு அம்மா செஞ்சதெல்லாம் பங்கில்லையா?" என்றும் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். 2019இல் அத்தான் இறந்தபோது மாலையோடு சென்றேன். கல்லறை வரை நடந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரே ஊரில், ஒரே இரயில் பாதையின் இரு நிலையங்களில், உடன்பிறந்த இருவர் அந்நியராய் வாழ்ந்தோம்.

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 அன்று கொடியேறும். முழங்கால் வலி வருவதற்கு முன்னெல்லாம் நடந்தே போய்வந்தவன் நான். 2023இல் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னர்தான் எங்கள் நிலையம் முனையம் ஆகியிருந்தது. வண்டி அங்கேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும் என்று எண்ணி இரயிலில் போனேன். காவியுடுத்த பலர் உடன் வந்தனர். கஸ்தூரிபாய் நகரில் இறங்கி, பேருந்தில் சென்று, கொடியேற்றம் கண்டு திரும்பினேன். திரும்பும் வழியில் மந்தைவெளி வந்தது. என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன். படிக்கட்டு வரை நடந்தேன். அங்கேயே நின்றுவிட்டு, அடுத்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பரில் மறுபடியும் இருமுறை போனேன். ஒருமுறை நிலையத்துக்கு வெளியே தேநீர்க் கடை வரை. மறுமுறை அக்காவின் தெருமுனை வரை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தேன். தறியில் நாடா அங்கும் இங்கும் ஓடினால் துணி வளரும். என் நாடாவிலோ நூலே இல்லை, வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் முறை கதவைத் தட்டினேன். அக்கா திறந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. "வா தம்பி. வெயில்ல வந்திருக்க. உக்காரு, மோர் கொண்டாறேன்" என்றாள். ஏழாண்டுகள் மனத்துக்குள் எழுதி வைத்திருந்த விளக்கங்கள் எதுவும் தேவைப்படவில்லை. மோரைக் குடித்து முடித்தபின் அவள் கேட்டாள்: "எதுல வந்த?"

"பறக்கும் இரயில்ல."

"அது மந்தைவெளிக்கு வந்து எத்தன வருஷம் ஆச்சு?"

1997இல் திருமயிலை வரையிலும், 2004 ஜனவரியில் திருவான்மியூர் வரையிலும், 2007 நவம்பரில் வேளச்சேரி வரையிலும் பாதை நீண்ட கதையை நான் ஒப்பித்தேன். மந்தைவெளிக்கு 2004 என்று கணக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். "இருபது வருஷமா உன் வாசல்லேருந்து என் வாசலுக்கு வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன்பின் வாரந்தோறும் வியாழக்கிழமைகளில் போகலானேன். அக்காவின் மகன் ஜப்பானில் ஃபுகுவோகா நகரில் வேலை செய்கிறான். அவன் தொலைபேசியில் அழைக்கும்போது நானும் பேசுவேன். எங்கள் நிலையம் ஷட்டில் ஆகிவிட்ட கதையைச் சொன்னேன். "மாமா, எங்க ஊர்லயும் ஒரு ஷட்டில் இருக்கு. புல்லட் ரயிலே ஷட்டில் அடிக்குது" என்று அவன் ஒரு வரலாற்றைச் சொன்னான். அது என் உறக்கத்தைக் கெடுத்தது.

ஜப்பானின் அதிவேக இரயிலான ஷின்கான்சென் 1964 அக்டோபர் முதல் நாள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 1975இல் அந்தப் பாதை மேற்கே ஃபுகுவோகா நகரின் ஹகாட்டா நிலையத்தை எட்டியது. வண்டிகளைக் கழுவவும் செப்பனிடவும் நிறுத்தி வைக்கவும், ஹகாட்டாவுக்குத் தெற்கே எட்டரை கிலோமீட்டர் தொலைவில் ஒரு பணிமனை அமைத்தார்கள். பயணிகளை ஹகாட்டாவில் இறக்கிவிட்ட வண்டிகள், ஆளின்றி அந்தப் பணிமனைக்குப் போகும். காலையில் ஆளின்றித் திரும்பி வரும். பணிமனையைச் சுற்றியோ குடியிருப்புகள் பெருகிக்கொண்டிருந்தன. அம்மக்கள் நகருக்குப் போக நெரிசலான சாலையில் பேருந்தில் நெடுநேரம் காய்ந்தனர். தங்கள் வீட்டருகே வெற்று வண்டிகள் நாள்தோறும் போய்வருவதைப் பார்த்த அவர்கள், அந்த வண்டிகளில் தங்களையும் ஏற்றிச் செல்லுமாறு கேட்டார்கள். 1990 ஏப்ரல் முதல் நாள் பணிமனையை ஒட்டி ஹகாட்டா மினாமி என்ற நிலையம் திறக்கப்பட்டது. மினாமி என்றால் தெற்கு. இன்றும் அந்த எட்டரை கிலோமீட்டரை வண்டி பத்தே நிமிடங்களில் கடக்கிறது. பிற பாதைகளில் மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் பாயும் வண்டி, இங்கே மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் செல்வோரும் அதில் ஏறி இறங்குகின்றனர்.

அம்மக்கள் புதிதாக ஒரு பாதை கேட்கவில்லை, பாதை இருந்தது. புதிதாக ஒரு வண்டியும் கேட்கவில்லை, வண்டியும் போய்க்கொண்டிருந்தது. அது நிற்க வேண்டும், கதவு திறக்க வேண்டும். அவ்வளவே அவர்கள் கேட்டது. எனக்கோ நிற்கிற வண்டி இருந்தது. திறந்த கதவும் இருந்தது. பாதி இருக்கைகள் காலியாகவே அது என் வீட்டைக் கடந்து அக்கா வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஏறாமல் இருந்தவன் நான்.

மருமகன் இன்னொன்றும் சொன்னான். டோக்கியோ, ஒசாகா பாதையில் ஓடும் வண்டிகளுக்கு அழகான பெயர்கள் உண்டாம். இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் மிக விரைவு வண்டிக்கு 'நோசோமி' என்று பெயர். நம்பிக்கை என்று பொருள். அடுத்தது 'ஹிகாரி', அதாவது ஒளி. எல்லா நிலையங்களிலும் நின்று போகும் வண்டி 'கொடாமா', அதாவது எதிரொலி. விரைவு வண்டிகள் தன்னைக் கடந்து போவதற்காக இந்தக் கொடாமா வழியிலுள்ள நிலையங்களில் ஒதுங்கி நிற்கும். போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். நம் நாட்டிலும் ஜப்பானின் துணையோடு மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே அதிவேகப் பாதை அமைக்க 2017இல் அடிக்கல் நாட்டினார்கள். விரைவு வேண்டியதுதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், சிற்றூரில் காத்திருப்பவருக்கு நின்று போகும் வண்டிதான் வண்டி.

இவ்வாறு என் மனம் நிறைந்து, எங்கள் நிலையம் முனையமானதே என் நன்மைக்காகத்தான் என்று எண்ணத் தொடங்கியிருந்தேன். அந்த எண்ணத்துக்கும் ஒருநாள் திருத்தம் வந்தது.

2024 பிப்ரவரியில் ஒரு வியாழன். புறப்படக் காத்திருந்த வண்டியில் ஜன்னலோரம் அமர்ந்திருந்தேன். ஐம்பது வயதுள்ள ஒரு பெண்மணி மூச்சு வாங்க வந்து எதிரே அமர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, இவ்வளவு அவசரம்? வண்டி எடுக்க இன்னும் நேரம் இருக்கே" என்றேன்.

"உங்களுக்கென்ன ஐயா, பக்கத்து வீடு போல இருக்கு. நான் ராயபுரத்துலேருந்து வரேன்" என்றார். முன்பெல்லாம் ராயபுரத்தில் ஏறி, கடற்கரையில் ஒரே ஒருமுறை வண்டி மாறினால் மந்தைவெளியில் போய் இறங்கிவிடுவாராம். இப்போது பார்க் நிலையம் வரை வந்து, இறங்கி, படியேறி, சாலை கடந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு நடக்க வேண்டும். "தெனமும் அரை மணி நேரம் கூட ஆவுது. ரெண்டு வீட்டுல வேலை செஞ்சேன். காலைல லேட்டா வரேன்னு ஒரு வீட்டுல நின்னுக்கச் சொல்லிட்டாங்க. இந்த ரயிலு எப்ப ஐயா பழையபடி பீச்சுக்குப் போவும்?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதே இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. எனக்கு உட்கார இடம் கொடுத்த அதே ஏற்பாடு, அவருடைய சோற்றில் பாதியை எடுத்திருந்தது. நான்காவது பாதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நெடுந்தொலைவு வண்டிகளுக்கு அது தேவை. ஆனால், பொதுநன்மை என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் யாரோ சிலர் தம் நாளிலிருந்து அரை மணி நேரத்தைக் கொடுக்கிறார்கள். தம் கூலியிலிருந்து ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படுவதில்லை.

வண்டி சேப்பாக்கம் தாண்டி, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி ஓடியது. தூண்களின் நிழல் கரிய நீரில் விழுந்தது. அன்றுதான் அந்தக் கால்வாயை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இப்பகுதி, 1877, 78ஆம் ஆண்டுகளில் பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் ஒருவேளைச் சோற்றுக்காக மண் சுமந்தார்கள். அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றும் நிலைக்கவில்லை. பின்னாளில் அதே கால்வாயின் மேலும் கரையிலும் தூண்களை நிறுத்தி நமக்கு இரயில் விட்டார்கள். அவர்கள் வெட்டிய வழியின் மேல்தான் நான் காற்றாட அமர்ந்து அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று அக்காவிடம் அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பங்குக்காரங்க கண்ணுல படாம இருந்தா, பங்கு இல்லன்னு ஆயிடுமா தம்பி?" என்றாள். அவள் யாரைப் பற்றிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதமே மேல்மாடியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். எட்டாண்டுகள் கடந்து கொடுத்தது. அத்தானுக்கு உதவாமல் போனது. அந்தக் குறையை எந்தப் பத்திரமும் தீர்க்காது. மாடியில் குடியிருப்பவர் தரும் வாடகையை மாதந்தோறும் முதல் வியாழனன்று அவள் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வங்கி வழியே அனுப்பிவிடலாம் என்று என் மகன் சொல்கிறான். அனுப்பலாம்தான். நாடாவை ஓடவிடாமல் துணி நெய்ய இயலுமா என்று அவனிடம் கேட்டேன், அவனுக்கு விளங்கவில்லை.

2024 அக்டோபர் 29 அன்று வண்டிகள் மறுபடியும் கடற்கரையிலிருந்து புறப்பட்டு வந்தன. அதற்கடுத்த வியாழன் 31ஆம் நாள், தீபாவளி. பலகாரப் பொட்டலத்தோடு எங்கள் நிலையத்தில் காத்து நின்றேன். அப்போதைக்கு அது முனையம் இல்லை. வழியிலுள்ள நிலையங்களில் ஒன்று. அன்று விடுமுறை, வண்டியில் இடம் இருந்தது. அடுத்த வியாழன் போனபோது வண்டி நிறைந்து வந்தது. கூடைகளோடு சிலர், அலுவலகப் பைகளோடு சிலர். எனக்கு இருக்கை கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ராயபுரத்துப் பெண்மணி இருக்கிறாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவரைக் காணவில்லை. வடசென்னையிலேயே வேறு வேலை கிடைத்துவிட்டதோ, வேறொரு பெட்டியில் இருந்தாரோ, அறியேன். இன்றுவரை ஒவ்வொரு வியாழனும் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

முழங்கால் வலியோடு படியேறிப் போய் அக்கா வீட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். மோரை நீட்டியவாறு அவள் கேட்டாள்: "வண்டில எடம் இருந்துச்சா?"

"இல்லக்கா. நின்னுக்கிட்டேதான் வந்தேன்."

"நல்லது. எல்லாரும் வராங்கன்னு அர்த்தம்" என்றாள்.